கரும்பச்சைச் சுவரும் வெள்ளைக் கடிகாரமும்

கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளைக் கடிகாரம் தொங்கியது. சுவரும் வெள்ளை என்பதால் அது இருப்பதே யார் கண்ணிலும் படாது. ஒருநாள் பெயிண்டர்கள் வந்தார்கள். கடிகாரத்தைக் கழற்றி சோபாமேல் வைத்துவிட்டு, அந்த ஒரு சுவருக்கு மட்டும் கரும்பச்சை அடித்தார்கள்.

"போச்சு. இந்த இருட்டுல என்னை யார் பார்ப்பாங்க? இனி பரண்தான்" என்று கடிகாரம் கலங்கியது.

"அவசரப்படாதே" என்றது சோபா.

மறுநாள் கடிகாரத்தைப் பழைய இடத்திலேயே மாட்டினார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் வாசலிலேயே நின்று, "கடிகாரம் ரொம்ப அழகு, புதுசா?" என்று கேட்டார்கள். கடிகாரத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"நான் தொங்குறதாலதான் நீ பார்க்க அழகா இருக்கே" என்று பச்சைச் சுவரிடம் பெருமையடித்தது.

"அப்படியே இருக்கட்டும் அண்ணே" என்று சுவர் சிரித்துக்கொண்டது.

எதிரே இருந்த வெள்ளைச் சுவர் இதைக் கேட்டுவிட்டு ஆசையாகக் கூப்பிட்டது. "அண்ணே, ரெண்டு நாள் என்கிட்ட வந்து இருங்களேன். உங்களால நானும் கொஞ்சம் அழகாயிடுவேன்."

கடிகாரத்தின் முள் ஒரு நொடி தயங்கியது.

"வரலாம்தான் தம்பி. ஆனா இங்கே ஆணி நல்லாப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, பச்சைச் சுவரோடு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.