வேலாயுதசாமி அடித்த கொசு

வேலாயுதசாமிக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. சும்மா உட்கார்ந்து பேப்பர் புரட்டும்போதே அவருடைய இதயம் நிமிடத்துக்குத் தொண்ணூற்றெட்டு முறை அடித்தது.

"பார்த்தீங்களாண்ணே வேகத்தை! இருபது வயசுக்காரன் தோத்துடுவான்" என்றது அவர் கையில் கட்டியிருந்த ஸ்மார்ட் வாட்ச், கண்ணாடியிடம்.

"உட்கார்ந்த இடத்திலே எதுக்குடா ஓடணும்?" என்றது மூக்கின் மேலிருந்த கண்ணாடி. "சர்க்கரைக்காரருக்கு இதயம் இப்படி அடிச்சா உள்ளே நரம்பு கெட்டிருக்கலாம், கண்ணையும் பார்த்துடணும்னு டாக்டர் சொன்னாரே. சோதனைக்குக் கண்ணிலே சொட்டு மருந்து விட்டா அன்னைக்குப் பேப்பர் படிக்க முடியாதுன்னு இவர் நழுவிட்டார். மங்கலாத் தெரிஞ்சா கண்ணாடியை மாத்துறார். இந்த வருஷத்திலே நான் மூணாவது."

அப்போது வேலாயுதசாமியின் எதிரே ஒரு கரும்புள்ளி மிதந்தது. அவர் கொசு மட்டையை எடுத்து வீசினார். அது நகர்ந்தது. சோபாவில் ஏறி வீசினார். அவர் திரும்பிய பக்கமெல்லாம் அது முன்னால் போய் நின்றது.

"ஐயா, அது வெளியே இல்லை, உங்க கண்ணுக்குள்ளே இருக்கு!" என்று கண்ணாடி கத்தியது.

அவர் மனைவி பவளம் எட்டிப் பார்த்தாள். "கொசுவே இல்லையேங்க?"

"அதுக்கெல்லாம் கண்ணு வேணும்டி."

"நூத்தி இருபது! அடி தூள்!" என்று துள்ளிய வாட்ச், இன்றைய உடற்பயிற்சி முடிந்தது என்று பெரிய எழுத்தில் வாழ்த்துக் காட்டியது.

அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு தள்ளிப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பவளம், கொஞ்சம் இங்கே வா" என்றார் மெதுவாக. "இதிலே என்ன போட்டிருக்குன்னு படி."