எட்டு நிமிடம்

தகடு வெட்டும் பிரஸ்களில் அச்சு மாற்றும் நேரம் ஐம்பத்திரண்டு நிமிடத்திலிருந்து எட்டாகக் குறைந்துவிட்டது என்று மேலாளர் அறிவித்ததும் பிரஸ் பிரிவே கைதட்டியது.

அவள் மட்டும் தட்டவில்லை.

மூன்றாம் பிரஸ்ஸின் முன்னால் காலியாகக் கிடந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலையில் அங்கே தகடு எடுக்கக் குனிந்த, பிரிவிலேயே வயதில் சின்னவள் அப்படியே சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

முன்பெல்லாம் பிரஸ்ஸை நிறுத்திய பிறகுதான் அடுத்த அச்சைத் தேடவே கிளம்புவார்கள். பழையதைக் கழற்ற, பத்து விதமான போல்ட்டுகளோடு மல்லுக்கட்ட வேண்டும். இப்போது பிரஸ் ஓடும்போதே அடுத்த அச்சு தள்ளுவண்டியில் வந்து காத்திருக்கிறது. போல்ட் எல்லாம் ஒரே அளவு. ஒரே ஸ்பேனர்.

"காலைல ஒரு பொண்ணு மயங்கிட்டாங்க. வெயில் காலம் பாருங்க. எல்லாரும் நிறையத் தண்ணி குடிங்கம்மா" என்றார் மேலாளர், அக்கறையாக.

அவளுக்குச் சுரீரென்றது.

"குடிச்சா எங்க சார் போறது?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இனி வாயை மூடிப் பயனில்லை.

"அச்சு மாத்துற நேரத்துலதான் சார் நாங்க பதினோரு பேரும் பாத்ரூம் போயிட்டு வருவோம். ரெண்டு கட்டடம் தாண்டி இருக்கு. எட்டு நிமிஷத்துல எத்தன பேர் போயிட்டு வர்றது? அதுக்குப் பயந்துதான் அவ இந்த மாத்தம் வந்த நாலு நாளா பச்சத்தண்ணி பல்லுல படாம நின்னா. வெயிலாம், வெயில்!"

மேலாளர் கனைத்துக்கொண்டார். அப்புறம் பேசலாம் என்பதுபோலக் கையை அசைத்தார். இந்த மாற்றத்துக்கு வழிசொன்னவருக்குப் பரிசு உண்டு என்று சொல்லி, யோசனைப் பெட்டியில் விழுந்தவற்றிலிருந்து தேர்வுக் குழு எடுத்துக் கொடுத்திருந்த சீட்டை உறையிலிருந்து எடுத்தார்.

அடியில் இருந்த பெயரைப் பார்த்தவர், நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நான்தான் சார் எழுதினேன். கடைசி வரியையும் படிங்க."

அவர் படிக்கவில்லை. சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த வரியில் அவள் கேட்டிருந்தது இவ்வளவுதான்: 'மிச்சமாகும் நேரத்தில் இருபது நிமிடத்தை மட்டும் எங்களுக்கு விட்டுவிடுங்கள்.'