தொட்டில்கள் பரப்பிய சேதி

எதிர்வீட்டு ரூபாவதி குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. அங்கே ஆயாக்கள் கழுத்தில் முதலாளி மாட்டிவிட்ட அடையாள அட்டை அவர்கள் பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்கும். தெருவில் ஒட்டுக்கேட்பது என் பிழைப்பு; அதைப் பிடுங்கிக்கொண்ட சனியன்! சங்கம் என்று வாய் திறந்தால் வேலை போய்விடும். தாலாட்டை மட்டும் அது கண்டுகொள்ளாது.

அதனால் ரூபாவதி பாடினாள்: "ஆராரோ... உக்கார நாற்காலி கேப்போம், செவ்வாய்க்கிழமை தலைமை ஆபீஸ் வாசல்ல நிப்போம்..."

"உன் கட்டைக் குரலை எவடி கேப்பா?" என்றேன்.

முதலாளி கேட்டார். வார்த்தையை அல்ல, பிள்ளைகள் சட்டென்று தூங்கியதை மட்டும் கவனித்தார். அட்டையில் பதிவான பாட்டை எடுத்து, ஊரிலுள்ள தன் காப்பகங்களின் தானியங்கித் தொட்டில்கள் அத்தனையையும் அதையே பாட வைத்தார்.

செவ்வாயன்று வேடிக்கை பார்க்கப் போன எனக்கே நிற்க இடமில்லை. அவ்வளவு ஆயாக்கள்!

"யக்கா, பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டுட்டாங்க!" என்று ஓடிவந்தாள் ரூபாவதி.

"மொதல்ல உக்கார நாற்காலி போடச் சொல்லுடி" என்றேன்.