இணைப்பில் இருங்கள்

"போட்டிக் கம்பெனிக்காரன் பாதி விலைக்கு ரெண்டு மடங்கு வேகம் தர்றான். உங்க இன்டர்நெட்டை இன்னைக்கே கட் பண்ணுங்க!"

இன்டர்நெட் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை சாட்டில் செல்போனிலிருந்து இப்படி அனுப்பிவிட்டு, சோபாவில் வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்தார், இதற்கென்றே லீவு போட்டிருந்த பேங்க் மேனேஜர்.

உடனே பதில் வந்தது. "வருந்துகிறோம் சார். வேகம் எப்போது குறைகிறது?"

"பகல் முழுக்க. என் பெண்டாட்டி ஏதோ ஆன்லைன் வேலைன்னு ரூமுக்குள்ள உக்காந்து நெட்டை உறிஞ்சிடறா."

"என்ன வேலை சார்?"

"யாருக்குத் தெரியும்? கேட்டதில்ல."

அடுத்த பதில் வரத் தாமதமானது. உள்ளறையில் மனைவியின் கீபோர்டு மட்டும் படபடவென்று பொரிந்துகொண்டிருந்தது. மேனேஜருக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"இந்தா, கொஞ்ச நேரம் தட்டாம இரேன்! இங்க கம்பெனிக்காரனோட மல்லுக்கட்டிக்கிட்டிருக்கேன்!"

தட்டல் நின்றது. சாட்டும் நின்றது. வெகுநேரம் ஒரு வரிகூட வரவில்லை.

"பாத்தியா இவங்க லட்சணத்தை? பேசிக்கிட்டிருக்கும்போதே நெட்டு படுத்துடுச்சு!" என்று உள்ளறையைப் பார்த்துக் கத்தினார்.

உள்ளே மறுபடி கீபோர்டு சத்தம். செல்போன் திரையில் ஒரு வரி வந்து விழுந்தது.

"மன்னிக்கவும் சார். இப்போது தட்டலாமா?"