உள்பக்கத் தாழ்

படகின் அறையில் நான்கு பேர் இருந்தார்கள்: அக்கா, தங்கை, தங்கையின் கணவர், படகு விற்கிறவர். இவர்களில் அக்காவும் விற்கிறவரும் கடலுக்குப் போகப் போவதில்லை. தங்கை உயிரோடு திரும்பி வரத் தேவையானதெல்லாம் படகுச் சாமான் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அக்கா வந்திருந்தாள்.

ஐம்பதடிப் பாய்மரப் படகு. பட்டறைக் கொட்டகையில் இரும்புக் கால்களின் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். ஏணி போட்டுத்தான் ஏற வேண்டும். வெளியே மத்தியான வெயில் கொளுத்தியது.

தங்கையின் கணவர் பட்டியலில் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தார். ஏசி போயிற்று. டிவி போயிற்று. துணி துவைக்கும் மிஷினின் மேல் பேனா வந்து நின்றது.

“அதாவது இருக்கட்டும் சார். மேடம் பாவம்” என்றார் விற்கிறவர்.

“பக்கெட் இருக்கு. துவைக்கப் போறதும் நான்தான். நடுக்கடல்ல கெட்டுப்போனா என் கையால சரிபண்ண முடியாத எதுவும் வேணாம்.” உப்புத் தண்ணீரைக் குடிநீராக்கும் கருவியை மட்டும் வட்டமிட்டார். “இதுக்கு ரெண்டு பம்ப் குடுங்க.”

நியாயமான பேச்சு. அக்காவுக்கே மனசு கொஞ்சம் இறங்கி வந்தது. அதற்குள் அடுத்த வரியையும் அவர் அடித்துவிட்டார்.

“அது என்ன?” என்றாள்.

“ஆள் தவறிக் கடல்ல விழுந்தா கூப்பிடுற மணி, மேடம்” என்றார் விற்கிறவர். “கையில ஆளுக்கொரு பட்டை கட்டிக்கணும். பட்டை படகை விட்டு நூறடி தள்ளிப் போச்சுன்னா மணி அடிக்க ஆரம்பிச்சிடும். தனி பேட்டரி, ஒரு மாசம் தாங்கும். அணைக்கிறதுக்கு சுவிட்சே கிடையாது. பட்டை திரும்பப் படகுக்கு வந்தாதான் வாயை மூடும்.”

அக்கா தங்கையின் கணவரைப் பார்த்தாள். இவருடைய முதல் மனைவி நடுக்கடலில் விழுந்தவள். உடல் கிடைக்கவில்லை. அன்றைக்குப் படகில் இருந்தது இவர்கள் இரண்டே பேர்.

“இந்தக் கதவுக்கு வெறும் கொக்கிதான் இருக்கு” என்றார் அவர், தலை நிமிராமல். “இரும்புத் தாழ் வேணும். உள்பக்கம்.”

“உள்பக்கமா?” விற்கிறவர் சிரித்தார். “நடுக்கடல்ல எந்தத் திருடன் சார் நீந்தி வரப் போறான்?”

அவர் சிரிக்கவில்லை. “போடுங்க” என்றார்.

உயிர்காக்கும் சாமானை அடித்தால், கடலுக்குப் போகிற எல்லாரும் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அந்தப் பட்டறையின் சட்டம். அவர் போட்டார். தங்கை பேனாவை வாங்கினாள். அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அந்த மணிக்கு மட்டும் நீ கையெழுத்துப் போடக் கூடாது.”

“ஆரம்பிக்காதக்கா. உலகத்தைச் சுத்தணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறது நான். இவர் கரையிலேயே கெடக்கலாம்னுதான் சொன்னார்.”

“அப்போ அந்த மணி இருந்துட்டுப் போகட்டும். உனக்கென்ன நஷ்டம்?”

தங்கை வாய் திறப்பதற்குள் அவர் எழுந்தார். “நீங்க ரெண்டு பேரும் கீழ போய்ப் பாய்த் துணி பாருங்க. நான் அண்ணிகிட்ட பேசிக்கிறேன்.”

அவர்கள் இறங்கிப் போனார்கள். அக்கா சுற்றி வளைக்கவில்லை.

“அவளுக்கும் இப்படித்தான் மணி வேணாம்னு அடிச்சீங்களா, மாப்பிள்ளை?”

“இல்ல. அவ கையில பட்டை இருந்துச்சு. படகுல இதே மணியும் இருந்துச்சு.”

“அப்புறம் அது ஏன் அடிக்கல?”

“அடிச்சுது.” பேச்சு ஒரே சீராக வந்தது, பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தது போல. “தூக்கத்துல இருந்து எழுந்து ஓடினேன். அவ இல்ல. ரெண்டு நாள் அதே இடத்தையே சுத்திச் சுத்தி வந்தேன். கத்திக் கத்தித் தொண்டை போச்சு. அப்புறம் முடியாம, கரையைப் பாத்துத் திருப்பினேன். விட்டுட்டுப் போறியேன்னு கேக்கற மாதிரி அது கூடவே அடிச்சுக்கிட்டு வந்துச்சு.”

மனிதன் அழவில்லை. அழுதிருந்தால் அக்கா நம்பியிருக்க மாட்டாள். இவரையா கொலைகாரன் என்று இத்தனை நாளும் தங்கையிடம் ஓதிக்கொண்டிருந்தோம் என்று கூசிப்போனாள். அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க எந்த மனிதனுக்குத்தான் துணிச்சல் வரும்? பேனாவைப் பட்டியலின் மேல் வைத்து, தங்கை உட்கார்ந்திருந்த பக்கமாகத் தள்ளினாள்.

“அவ கையெழுத்துப் போடட்டும். நான் ஒண்ணும் சொல்லல.” பிறகு, ஆறுதலாகவே கேட்டாள்: “எப்பதான் அதை நிறுத்தினீங்க?”

ஏணியில் காலடிச் சத்தம் கேட்டது. “வெள்ளையே எடுத்துக்கலாங்க, நீலம் அழுக்காத் தெரியுது” என்று பேசிக்கொண்டே தங்கை உள்ளே வந்தாள்.

அவர் அவளைத் தாண்டி ஏணியை எட்டிப் பார்த்தார். கீழே விற்கிறவர் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஏணியில் யாரும் இல்லை. அப்படியும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தங்கைக்குப் பின்னால் கதவைச் சாத்தி, கொக்கியை மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, அக்காவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“நான் நிறுத்தல, அண்ணி. மூணாம் நாள் அதுவா நின்னுச்சு.”