காற்றுத் தலையணையும் பூட்டுச் சங்கிலியும்

ரயில் கிளம்பியதும் பிலோமினா செய்யும் காரியங்கள் மாறவே மாறாது. பையைச் சீட்டுக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டுவாள். சாவியை ஜாக்கெட்டுக்குள் செருகுவாள். காற்றுத் தலையணையை மூச்சு முட்ட ஊதிவிட்டுப் படுப்பாள்.

"கீழே சௌக்கியமா அக்கா? செருப்பு வாசனை தூக்கலா இருக்குமே!" என்றது தலையணை.

"உனக்கென்னடி ராஜாத்தி, மேல்தட்டு வாழ்க்கை," என்று புழுங்கியது சங்கிலி.

ஆனால் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பிலோமினாவின் கை கீழே இறங்கியது. சங்கிலியைத் தடவி, இழுத்துப் பார்த்த பிறகுதான் மேலே போனது.

தலையணைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தலை இங்கே, மனசெல்லாம் அங்கேயா? என்னை ஒரு தடவையாவது தொட்டுப் பார்த்தாளா?"

"நீ காணாமல் போனால்தானே தேடுவாள்!"

"அப்படியா? நான் இல்லாமல் எப்படித் தூங்குகிறாள், பார்க்கிறேன்." மூடியைத் தளர்த்தி, மெல்லக் காற்றை விட்டது தலையணை.

தலை பெர்த்தில் இடித்து பிலோமினா எழுந்தாள். "சனியன்!" என்று அதைச் சுருட்டிச் சீட்டுக்கு அடியில் எறிந்தாள். பூட்டைத் திறந்து, பையைத் தூக்கித் தலைக்கு வைத்தாள். சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு படுத்தவள், அப்புறம் எந்த ஸ்டேஷனுக்கும் கண் விழிக்கவில்லை.

செருப்புக்குப் பக்கத்தில் கிடந்த தலையணையிடம், ஒரு பெருமூச்சு விடக்கூடக் காற்று இல்லை.