மூன்றரை வட்டி

மாதம் பிறந்தால் தெருவில் வட்டி வசூலிக்க வரும் ஃபிலோமினாவைக் கதிரேசன் ஒருநாளும் வாசற்படி ஏறவிட்டதில்லை. மனைவியின் ஆபரேஷனுக்கு நூற்றுக்கு இரண்டு வட்டியில் பணம் தருகிறேன் என்று அவள் வந்தபோதும், "ரத்தத்த உறிஞ்சுற காசு வேணாம்" என்று கதவைச் சாத்திவிட்டு, பேங்க் ஆள் வீடு தேடி வந்து கொடுத்த கிரெடிட் கார்டைத் தேய்த்தான். பத்து மாதமாகக் கட்டியும் பாக்கி அசைந்து கொடுக்கவில்லை. இன்று கார்டும் பில்லுமாக வாசலை மறித்து நின்றவனிடம், தெருவில் வசூலுக்கு வந்த ஃபிலோமினாவே கேட்டாள்.

"அது எத்தனை வட்டி தம்பி?"

"மூணரை."

"மாசத்துக்கா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தெருவுலதான்க்கா மாசக் கணக்கு. பேங்க்ல வருசத்துக்குத்தான் சொல்லுவாங்க."

"அதுல அப்படியா போட்டிருக்கு? படிங்க."

பில்லின் அடியில் எறும்பு வரிசை போலிருந்த பொடி எழுத்தில் விரல் வைத்துப் படித்தான். மாதத்துக்கு மூன்றரை சதவீதம். வருடத்துக்கு நாற்பத்திரண்டு. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

ஃபிலோமினா வாயில் கைவைத்தாள். "ஆத்தாடி! இருபது வருசமாத் தொழில் பண்றேன், ரெண்டுக்கு மேல கேக்க எனக்கே வாய் வந்ததில்லையே."

கார்டை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவன் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டாள்:

"இதக் குடுக்க வந்த ஆளுக்குக் காபி குடுத்தீங்களா தம்பி?"

கதிரேசன் மெல்லத் திரும்பி, அந்த ஆளை உட்காரவைத்த சோபாவைப் பார்த்தான்.